நிறுத்தத் தெரியாத கை

கொல்லையில் களை எடுத்துவிட்டுத் திரும்பிய பாஞ்சாலைக்கு வேலியைத் தாண்டும் முன்பே அழுகல் நாற்றம் மூக்கில் ஏறியது. முந்தின வாரம் கழிச்சல் கண்டு செத்த கோழியைக் குப்பைமேட்டுக்கு அப்பால் பள்ளத்தில் வீசியிருந்தாள். அந்தக் கோழி இப்போது வாசலில், அவள் புருஷன் சடையனின் மடியில் கிடந்தது. அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்யாண வீட்டுக்குச் சமைக்க வந்தவன் போல நிதானமாக இறகு பிடுங்கிக்கொண்டிருந்தான். பிடுங்கப் பிடுங்கத் தோலும் கூடவே வந்தது. வேட்டியில் புழுக்கள் நெளிந்தன. ஒன்று அவன் மணிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா பண்ற?"

"கோழி உரிக்கிறேன்."

"அது செத்து அழுகிப் போனது. அழுகினதத் தின்னலாமா?"

"தின்னக் கூடாது" என்றான் சடையன், பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போல. சொல்லிவிட்டு அடுத்த இறகைப் பிடுங்கினான்.

பாஞ்சாலை வேலிக்கழியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த கூழெல்லாம் வெளியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதும் அவன் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தான். அவள் மனசில் அப்போது இரக்கம் வரவில்லை. பயம்கூட வரவில்லை. இந்த மனுஷனோடு ஒரே பாயில் படுத்தோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

சடையன் இப்படிப்பட்ட ஆளில்லை. ஜவ்வாது மலையில், காவலூரிலிருந்து ஆலங்காயம் பக்கம் இறங்கும் சரிவில், முப்பது வீடுகூட இல்லாத நெல்லிக்கொல்லையில், சுத்தம் பார்ப்பதில் அவனை மிஞ்ச யாரும் கிடையாது. ஈ உட்கார்ந்த பண்டத்தைத் தொடமாட்டான். சாமைச் சோற்றில் ஒரு முடி கிடந்தால் இலையோடு எடுத்து மாட்டுக்கு வைத்துவிட்டுப் பட்டினியாகப் படுத்துக்கொள்வான். கல்யாணமான புதிதில் பாஞ்சாலை இதற்காக அழுதிருக்கிறாள்.

அதைவிட, அவன் புத்தி பேர் போனது. சாமை விதைக்கலாமா, கேழ்வரகு போடலாமா, மழை ஏமாற்றினால் எதற்கு மாறுவது என்று ஊரே அவன் வாயைப் பார்க்கும். காலையில் ஒன்று சொல்வான். மத்தியானம் காற்று திரும்பினால், "வேணாம், வேற பண்ணலாம்" என்பான். சொன்ன சொல்லைக் கட்டிக்கொண்டு அழுகிற வீம்பு அவனிடம் கிடையாது. நேற்று சொன்னது நேற்றைக்கு என்பான். அதே ஊர்க் கோபால் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பேசி முடித்த இடத்தைக் கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னவனும் சடையன்தான். அந்தப் பெண் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் புளி உலுக்க ஏறியவன், காய்ந்த கிளையில் கால் வைத்துவிட்டான். கீழே பாறை. நெற்றி நடுவில் முட்டை ஓடு உடைந்தது போல உள்வாங்கிப் போயிற்று. கம்பளியில் தூளி கட்டி ஆலங்காயம் வரை சுமந்துபோய், அங்கிருந்து ஒரு வேனில் அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஆடிக்கு முன்பே எழுந்து நடந்துவிட்டான். ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். எந்தக் கொல்லையில் எத்தனை புளியமரம் என்று தப்பில்லாமல் சொன்னான். குலசாமி காப்பாற்றிவிட்டது, பழைய சடையன் வந்துவிட்டான் என்று ஊர் கிடா வெட்டியது.

பழைய சடையன் வரவில்லை என்பது பாஞ்சாலைக்கு அந்த விதைப்பிலேயே தெரிந்துபோயிற்று. சாமை விதைத்த பிறகு வானம் பொய்த்தது. மற்றவர்கள் கொல்லையை மறுபடி உழுது கொள்ளு தெளித்தார்கள். "இந்த வருசம் கொள்ளுதான் போடணும்" என்று சடையனும் சொன்னான். சொல்லிக்கொண்டே சாமை விதையைக் கூடையில் எடுத்துப்போய்க் காய்ந்த மண்ணில் தூவினான். மறுநாளும் தூவினான். குருவிகள் பின்னாலேயே வந்து பொறுக்கின. கொள்ளு என்று வாய் சொல்லும், கை சாமையை அள்ளும். குதிரின் அடிப்பகுதியைச் சுரண்டும் சத்தம் கேட்டு அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அடுத்த வருஷத்துக்கு ஒரு பிடி விதைகூட மிச்சமில்லை.

அதோடு நின்றிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். மூக்கைச் சிந்திச் சோற்றுத் தட்டின் விளிம்பில் தடவினான். பெண்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்றடியில், அவர்கள் நிற்கும்போதே, வேட்டியைத் தூக்கிக்கொண்டு மூத்திரம் பெய்தான். புளித்துப் பூசணம் படர்ந்த கூழை மாட்டுத் தொட்டியிலிருந்து வழித்துக் குடித்தான். கேட்டால் தப்பு என்பான். முகத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. கூச்சப்படுகிற முகமென்றால் அவளுக்குச் சண்டை போடவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

கோழியைப் பார்த்த மறுநாள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் பிலிப்ராஜ் என்று ஒருவர் இருந்தார். நெற்றியைத் தைத்தவர் அவர்தான். மூளை சம்பந்தமாக வெளியூரில் தனியாகப் படித்துவிட்டு வந்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நர்ஸ் ஞானமேரியிடம் சொல்லி அட்டைத் துண்டுகள் கொண்டுவரச் செய்தார். சிவப்பும் நீலமுமாக, வட்டமும் சதுரமுமாக வெட்டிய அட்டைகள். முதலில் நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னார். சடையன் சடசடவென்று பிரித்துப் போட்டான். பாஞ்சாலைக்கு நெஞ்சில் ஒரு நம்பிக்கை துளிர்த்தது.

"நல்லா பண்ணீங்க. இப்ப நிறத்த விட்டுடுங்க. வடிவம் பாத்துப் போடுங்க. வட்டம் ஒரு பக்கம், சதுரம் ஒரு பக்கம்."

"வட்டம் ஒரு பக்கம், சதுரம் ஒரு பக்கம்" என்று சடையன் திருப்பிச் சொன்னான். சிவப்பை ஒரு பக்கமும் நீலத்தை ஒரு பக்கமும் போட்டான்.

தப்பு என்றார் டாக்டர். தப்பு என்று ஒத்துக்கொண்டு மறுபடி அதையே செய்தான். மறுபடியும். அட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. எட்டிப் பளாரென்று ஓர் அறை விடலாமா என்று பாஞ்சாலைக்குக் கை அரித்தது. கடைசியில் ஞானமேரி அட்டையை அவன் விரலிலிருந்து உருவிக்கொண்டாள். கை உடனே நின்றது.

டாக்டர் அலமாரியிலிருந்து மாவில் வார்த்த ஒரு பொம்மைத் தலையை எடுத்து வந்தார். மேல் மூடியைத் திறந்தால் உள்ளே மூளை. நெற்றிக்குப் பின்னால் இருந்த பாகத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த முன்பக்க மூளை, உள்ள அடியில இருக்கிற மூளையோட நரம்பு வழியா ஓயாம பேசிக்கிட்டே இருக்கும்மா. இது போதும், அடுத்தத பாருன்னு சொல்றது அந்தப் பேச்சுதான். இது நாறுது, தள்ளிப் போடுன்னு உடம்புக்குச் சொல்றதும் அந்த வழிதான். கல்லு பட்டதுல அந்த வழி அறுந்துபோச்சு. தெரிஞ்சதெல்லாம் பத்திரமா இருக்கு. தெரிஞ்சது கைக்குப் போய்ச் சேரல, அவ்ளோதான்."

"மறுபடி ஒட்டுமா சார்?"

"எனக்குத் தெரியலம்மா. ஒட்டும்னு சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

பாஞ்சாலை அந்த மாவு மூளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பண்டிகைக்குப் பண்டிகை ஆட்டுத் தலையை உடைத்து, விரலால் வழித்து, மிளகு போட்டு வறுத்த அதே சாமான்தான். அந்த மனுஷனுடைய ரோஷமும் சுத்தமும் ஊரே மதித்த புத்தியும் இந்தக் கொழகொழப்பிலா இருந்தன? அன்றிலிருந்து அவள் மூளைக் கறியைத் தொடவில்லை.

கிளம்பும்போது ஞானமேரி தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள். வேணாம், நிறுத்து என்று கத்திப் பிரயோஜனமில்லை. கையில் இருப்பதை வாங்கிவிட்டு வேறு ஒன்றைக் கொடுக்க வேண்டும். வார்டில் அவர்கள் அப்படித்தான் சமாளித்தார்கள்.

சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் பாஞ்சாலை கொல்லைக்குப் போகாமல் நாள் முழுக்க அவன் கையையே காத்துக்கொண்டு உட்கார முடியுமா? அவள் அந்தப் பக்கம் போனதும் சடையன் கால் போன போக்கில் போனான். கால் ஓடைப் பள்ளத்துக்குப் போயிற்று. அங்கே துரைக்கண்ணு சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

துரைக்கண்ணு சடையனுக்குச் சித்தப்பா மகன். பாஞ்சாலைக்குக் கொழுந்தன் முறை. புதர்களுக்கு நடுவே மண்பானைகளைக் கழுத்துவரை புதைத்து, வெல்லமும் வேலம்பட்டையும் அழுகின வாழைப்பழமும் போட்டு ஊறல் வைத்திருந்தான். அந்த ஊறலைக் கலக்க ஆள் வேண்டும். நாற்றம் தாங்காமல் யாரும் நிலைத்து நிற்பதில்லை. சடையன் கையில் கோலைக் கொடுத்தான், சடையன் கலக்கினான். பொழுதுக்கும் கலக்கினான்.

அவன் வாயிலிருந்து வந்த வாடையில்தான் பாஞ்சாலைக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்து வீட்டு சுந்தரம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பாஞ்சாலை அப்படியே ஓடைப் பள்ளத்துக்கு நடந்தாள்.

ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சடையன். அவன் முன்னால் தேக்கிலையில் ஊறல் சக்கையும், கழுவாத ஆட்டுக் குடலும், பானையில் விழுந்து ஊதிச் செத்த எலி ஒன்றும் கிடந்தன. ஒருவன் எடுத்து எடுத்து அவன் கையில் வைக்க, அவன் வாய்க்குக் கொண்டுபோனான். ஒவ்வொரு வாய்க்கும் அவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். கோபாலும் அந்த வட்டத்தில் இருந்தான். சிரித்துச் சிரித்து அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது.

இத்தனை நாள் புருஷனைப் பார்த்து வந்த குமட்டல் அன்றைக்கு அவளுக்கு அந்த முகங்களைப் பார்த்து வந்தது. அருவருப்பு என்றால் என்னவென்று சடையனுக்குத் தெரியாமல் போனதற்குக் கல் காரணம். இவர்கள் நெற்றியில் எந்தக் கல் பட்டது? இலையைக் காலால் எத்தித் தள்ளினாள். ஒருத்தனையும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அந்தக் காற்றை உள்ளே இழுக்க வேண்டியிருக்குமே என்று மூச்சை அடக்கிக்கொண்டு புருஷனை இழுத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் அவள் ஊற்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் கால் மறுபடி அங்கேதான் போயிருந்தது.

அந்த ஐப்பசியில் போலீஸ் மலை ஏறியது. விசில் சத்தம் கேட்டதும் துரைக்கண்ணுவும் மற்றவர்களும் ஓடை வழியே இறங்கித் தப்பிவிட்டார்கள். சடையன் மட்டும் கலக்கிக்கொண்டு நின்றான். நிறுத்துடா என்றார் ஒரு போலீஸ்காரர். நிறுத்தணும் என்று சொல்லிவிட்டு இவன் கலக்கினான். கிண்டல் பண்ணுகிறான் என்று முதுகில் லத்தி விழுந்தது. விழ விழக் கலக்கினான். யாரோ கோலைப் பிடுங்கிய பிறகுதான் நின்றானாம். இதையெல்லாம் ஒளிந்திருந்து பார்த்த கோபாலே பிற்பாடு ஊரில் கதையாகச் சொன்னான்.

அண்ணன் சின்னதம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாஞ்சாலை அடிவாரத்து ஸ்டேஷனுக்குப் போனாள். வராந்தாவில் சடையன் பெருக்கிக்கொண்டிருந்தான். நேற்று மத்தியானம் யாரோ விளையாட்டாகத் துடைப்பத்தைக் கொடுத்தார்களாம், இன்னும் விடவில்லை. உள்ளங்கைத் தோல் கொப்பளித்து உடைந்து துடைப்பக் கட்டில் ரத்தம் ஒட்டியிருந்தது. வேட்டியிலேயே கழித்திருந்தான். பெருக்கின இடத்தையே பெருக்க, அவன் காலடியிலிருந்து அசிங்கம் வராந்தா முழுக்கத் தீற்றியிருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பாஞ்சாலை போய்த் துடைப்பத்தை அவன் கையிலிருந்து வாங்கினாள். கை நின்றது. அதைப் பார்த்ததும் அவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு நின்றுபோனது.

இன்ஸ்பெக்டர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. "கூட்டிக்கினு போம்மா. முதல்ல இங்கிருந்து கூட்டிக்கினு போ" என்று கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு சொன்னார்.

பஸ் நிலையத்துப் பம்படியில் அவனை உட்காரவைத்துக் கழுவினாள். பஸ்ஸுக்கு நின்ற ஜனங்கள் விலகி நின்று பார்த்தார்கள். சின்னதம்பி பார்க்காத மாதிரி டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

சடையனின் முதுகுக் காயம் ஆறும் முன்பே துரைக்கண்ணு புதுப் பானைகள் இறக்கிவிட்டான். வீட்டுக்கே வந்தான்.

"அண்ணி, அண்ணன வேலைக்கு அனுப்புங்க. அவரு கை பட்டாதான் ஊறல் பதமா வருது."

அவன் பல்லிடுக்கில் புகையிலைச் சாறு வழிந்தது. பாஞ்சாலை அதைப் பார்த்துக்கொண்டே, நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள்.

மறுநாள் கூட்டிக்கொண்டுதான் போனாள். கையில் கடப்பாரை இருந்தது. முதல் பானையருகே அதைச் சடையன் கையில் கொடுத்து, அவன் கைமேல் தன் கையை வைத்து ஓங்கிக் குத்தினாள். பானை பிளந்தது. பிறகு தன் கையை எடுத்துக்கொண்டாள். அவன் அடுத்த பானைக்குப் போனான்.

குடிக்க வந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். துரைக்கண்ணு முதலில் சிரித்தான். மூன்றாவது பானை உடைந்ததும் சிரிப்பு போனது.

"அண்ணா, போதும்."

"போதும்" என்றான் சடையன். அடுத்த பானை உடைந்தது.

"அண்ணி, நிறுத்தச் சொல்லுங்க."

கறுத்த ஊறல் நுரைத்துக்கொண்டு எல்லோருடைய பாதங்களையும் நனைத்தது. அழுகல் சக்கையும், வயிறு ஊதிய எலிகளும் மிதந்து வந்தன. ஒருவன் காலை உதறிக்கொண்டு வாந்தி எடுத்தான். இதைத்தானே இத்தனை நாள் குடித்தீர்கள் என்று பாஞ்சாலைக்கு உள்ளே ஒரு திருப்தி ஊறியது. பானைகள் தீர்ந்தன. சடையன் ஓடுகளைக் குத்தினான். அடுப்புக்கல்லைக் குத்தினான். பாறையைக் குத்தினான், பொறி பறந்தது. அப்போது துரைக்கண்ணு ஆத்திரம் தாங்காமல் குறுக்கே பாய்ந்தான். அவன் வருவதை அவள் பார்த்தாள். கடப்பாரை அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அது துரைக்கண்ணுவின் பாதத்தில் இறங்கியது. ஈரக் குச்சி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது.

அதன் பிறகுதான் வாங்கினாள்.

வீடு வரும் வழியெல்லாம் தன் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. துரைக்கண்ணு கோலைக் கொடுத்தான், போலீஸ்காரன் துடைப்பத்தைக் கொடுத்தான், தான் கடப்பாரையைக் கொடுத்தோம். மூன்று பேருக்கும் என்ன வித்தியாசம்? புருஷன் நெற்றியில் அறுந்த வழி தன் நெற்றியில் நன்றாகத்தானே இருந்தது. போதும் என்று அது சொன்னதும் அவளுக்குக் கேட்டதே. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் ஊறல் நாற்றம் விரல்களை விட்டு நாள்கணக்கில் போகவில்லை.

சாராய விவகாரமென்பதால் துரைக்கண்ணு போலீசுக்குப் போக முடியாது. ஊர்த் தலைவரான கவுண்டர் தசரதன் பஞ்சாயத்துக் கூட்டினார். ஊர் எல்லைக்குள் இனி ஊறல் வைக்கக் கூடாது, கால் ஆறும்வரை துரைக்கண்ணு வீட்டுக்குப் பாஞ்சாலை களி கிண்டிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சீழ் கோத்து நாறும் அந்தக் காலுக்கு எதிரே தினமும் களி உருண்டையை வைத்துவிட்டு வந்தாள். துரைக்கண்ணு அவள் முகத்தைப் பார்க்கமாட்டான். அவளும் பார்க்கமாட்டாள். கால்விரல் இரண்டு அழுகி, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நொண்டிக்கொண்டு, கலசப்பாக்கம் பக்கம் போய்ப் பிழைத்துக்கொண்டான்.

அடுத்த தையில் சின்னதம்பி வந்தான். புருஷன் சரியில்லையென்றால் பெண் தாய்வீட்டுக்குத் திரும்புவதும், வேறு ஒருவனுக்கு வாழ்க்கைப்படுவதும் அந்த மலையில் குற்றமில்லை. தகுந்த இடமும் பார்த்து வைத்திருந்தான். பெண்சாதியை இழந்தவன், நல்ல கொல்லை, குடிப்பழக்கம் கிடையாது.

"வந்துடு பாஞ்சாலை. நீ இவன் கூட வாழல. பீ மூத்திரத்தோட வாழுற."

அண்ணன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லையே. மறுநாள் விடிந்ததும் அவள் துணியை மூட்டை கட்டினாள். வாசல்வரை வந்துவிட்டாள். வாசலில் சடையன் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தான். உமி எப்போதோ போய், அரிசியும் நொறுங்கி, மாவாகப் பறந்துகொண்டிருந்தது. போகிறாயா என்று கேட்கவில்லை. உலக்கை ஏறியது, இறங்கியது. தான் போன பிறகு அதை யார் வாங்குவார்கள் என்று அவள் நினைத்தாள். வாங்கிவிட்டு எதைக் கொடுப்பார்கள் என்றும் நினைத்தாள்.

"நான் போனா இவன அடுத்து எவன் கையில எடுப்பான்னு தெரியலண்ணா."

"உனக்கு அவன் மேல ஆசையா?"

"ஆசையெல்லாம் இல்ல. அவன் சாப்புடுறதப் பாத்தா எனக்கு ஒமட்டுது."

"அப்புறம் இன்னா எழவுக்கு இருக்க?"

அவள் மூட்டையை வாசற்படியில் இறக்கிவைத்தாள். அந்த இடத்துக்குப் போகலாம் என்று ராத்திரியெல்லாம் யோசித்து முடிவு செய்தவள், உலக்கையைப் பார்த்த மாத்திரத்தில் மாற்றிக்கொண்டாள். சின்னதம்பி துப்பிவிட்டுப் போனான்.

பிறகு வருஷங்கள் ஓடின. பாஞ்சாலை பழகிக்கொண்டாள் என்று ஊரில் சொல்வார்கள், அது பொய். அவள் வேலையைத்தான் பழகிக்கொண்டாள். காலையில் குடத்தைக் கொடுப்பாள், தொட்டி நிரம்பியதும் வாங்குவாள். மண்வெட்டியைக் கொடுப்பாள், வரப்பு முடிந்ததும் வாங்குவாள். கொல்லையில் எப்போதும் அவன் கைக்கெட்டும் தூரத்திலேயே வேலை செய்வாள். சோற்றுத் தட்டை அளவு பார்த்து இழுத்துக்கொள்வாள்; இல்லையென்றால் தொண்டைவரை நிறைத்துக்கொண்டு கக்குவான். விதைப்பையும் அறுப்பையும் அவளே முடிவு செய்தாள். படுக்கை தனிப் படுக்கை. அவன் தொட்ட தண்ணீரைக் குடிக்கமாட்டாள். ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒருதரமாவது குமட்டியது.

எண்பத்து நாலாம் வருஷ மழையில் மலையில் வாந்திபேதி பரவியது. பாஞ்சாலை ஒரே பொழுதில் எழுந்திருக்க முடியாமல் விழுந்துவிட்டாள். படுத்த இடத்திலேயே எல்லாம் போயிற்று. எட்டிப் பார்க்க வந்த சுந்தரம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நல்ல மனசுக்காரிதான்; ஆனால் அவளால் உள்ளே காலெடுத்து வைக்க முடியவில்லை. ஒரு பழைய துணியை நனைத்துச் சடையன் கையில் திணித்து, "உன் பொண்டாட்டியத் தொடச்சி வுடு" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆளனுப்ப ஓடினாள்.

சடையன் துடைத்தான். அலசினான், துடைத்தான். அவள் மறுபடி மறுபடி போக, அவன் மறுபடி மறுபடி துடைத்தான். பாஞ்சாலை கண்ணைத் திறந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பெற்ற தாயாக இருந்தாலும் மூக்கு ஒரு கணம் சுளித்திருக்கும். அந்த முகத்தில் சுளிப்பு இல்லை. பரிவும் இல்லை. தன் அசிங்கத்தில் தானே கிடக்கிற கூச்சம் அவளைத்தான் தின்றது. வயிறு அடங்கிய பிறகும் அவன் துடைத்தான். தொடைத் தோல் உரிந்து எரிந்தது. துணியை வாங்க அவள் கை எழவில்லை. வேணாம் என்றாள். வேணாம் என்று சொல்லிக்கொண்டே துடைத்தான். சேதி கேட்டு ஓடிவந்த சின்னதம்பிதான் துணியைப் பிடுங்கினான்.

பொழுது சாயும் முன் ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. ஞானமேரி வீட்டுக் கழியில் பாட்டிலைத் தொங்கவிட்டு குளுக்கோஸ் ஏற்றினாள். மூலையில் சடையன், அலம்பாத கையால் களியை உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் பாஞ்சாலைக்கு வயிற்றில் ஒன்றுமில்லாமலேயே ஓங்கரித்தது.

வெளியே ஜனங்கள், பெண்சாதியைக் காப்பாற்றிவிட்டான், என்ன இருந்தாலும் கட்டினவன் என்று பேசிக்கொண்டார்கள். ஞானமேரி குனிந்து, தெரிந்துதான் செய்தாரா என்று மெல்லக் கேட்டாள்.

"கையில துணி இருந்துது" என்றாள் பாஞ்சாலை.

அவள் தேறி எழுந்து மறுபடி குடத்தைக் கொடுக்கவும் வாங்கவும் தொடங்கினாள். சடையன் எண்பத்தேழில், காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். பிணத்தைக் குளிப்பாட்ட ஊர் ஆம்பிளைகள் கூடியபோது பாஞ்சாலை யாரையும் கிட்டே விடவில்லை. கோபால் தண்ணீர்க் குடத்தோடு வந்தான்; அவனைப் பார்த்த பார்வையில் குடத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டான். அவளே குளிப்பாட்டினாள். நெற்றிப் பள்ளத்தைத் துடைக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும் ஊற்றடிக்குப் போய், தோள்வரை இரண்டு கையையும் மண் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, சங்கு ஊதுகிறவனிடம் ஆரம்பிக்கச் சொன்னாள்.